ஹாக்வொர்த் மைதானத்துக்கு வர மறுத்து எழுதியது

ஸ்கெல்பி,
நவம்பர் 13, புதன்கிழமை

ஹாக்வொர்த் ரக்பி லீக் கழகத்தின் மைதானக் குழுத் தலைவர் திரு. ரோலண்ட் ஓல்ட்ராய்டு அவர்களின் சமூகத்துக்கு, ஸ்கெல்பி ரக்பி லீக் கழகத்தின் ரசிகர் பிரதிநிதி ஹெட்லி ஓல்ட்ராய்டு எழுதிக்கொண்டது.

இங்கு நான் நலமில்லை. இரண்டு முழங்காலும் போய்விட்டன, ஒரு கண்ணில் திரை விழுந்திருக்கிறது, பத்து நாளாக மழை ஒரு நாள்கூட நிற்கவில்லை. அங்கு தாங்களும் தங்கள் மனைவி ஐரிஸும் நலமாகத்தான் இருப்பீர்கள். ஹாக்வொர்த்காரர்கள் எப்போதும் நலமாகவே இருக்கிறார்கள். தாங்கள் என் உடன்பிறந்த தம்பி என்பதற்காக இந்தக் கடிதம் எழுதப்படவில்லை. எங்கள் குழுவில் பிழையில்லாமல் எழுதக்கூடியவன் நான் ஒருவன்தான் என்பதால் எழுதப்படுகிறது. பதினான்கு வயதில் சுரங்கத்துக்குள் இறங்கியவன், ஊர் நூலகத்தில் எழுத்துக்கூட்டிக் கற்றுக்கொண்டவன், ஆகவே பிழை எதுவும் இருந்தால் அது வேண்டுமென்றே செய்ததாகக் கொள்ளவும்.

உங்கள் கழகத்தின் நான்காம் தேதிக் கடிதம் கிடைத்தது. எங்களுக்கு மைதானம் இல்லாமல் போய்விட்டதால், வரும் பருவம் முழுவதும் எங்கள் ஊரில் நடக்க வேண்டிய ஆட்டங்களை உங்கள் மைதானத்தில் ஆடிக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். கீழே தங்கள் கையெழுத்து. இந்த ஐம்பது வருஷத்தில் தங்கள் கையெழுத்தை நான் பார்ப்பது இது இரண்டாம் முறை. முதல் முறை என் மார்ஜரி இறந்தபோது மலர்வளையத்தோடு வந்த அட்டையில் பார்த்தேன். வளையம் முழுக்க மஞ்சள் பூ, சுற்றிலும் கறுப்பு ரிப்பன். அது உங்கள் ஊர் ஆட்டச்சட்டையின் நிறம். பூக்கடைக்காரருடைய தவறாகத்தான் இருக்கும் என்று அன்றைக்கே என் மகளிடம் சொன்னேன். ஆனாலும் நிறம் தெரியாதபடி வளையத்தைத் திருப்பித்தான் வைத்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். வர மாட்டோம். நாளை வியாழக்கிழமை எங்கள் குழு கூடுகிறது. வெள்ளி நண்பகலுக்குள் எந்த மைதானம் என்று பெயர் கொடுக்காவிட்டால் லீக் எங்களைப் பட்டியலிலிருந்து அடித்துவிடும், நூற்றுப் பதினெட்டு வருஷத்துக் கழகம் அதோடு முடிந்தது. ஏழு பேர் குழு. மூன்று பேர் ஹாக்வொர்த்துக்குப் போகலாம் என்கிறார்கள். மூன்று பேர் ஹாக்வொர்த்துக்குப் போவதைவிட மானத்தோடு மூடிவிடலாம் என்கிறார்கள். ஏழாவது ஆள் நான். என் கை எந்தப் பக்கம் தூக்கப்படும் என்பதைத் தாங்கள் யோசித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

வேறு இடம் தேடாமல் சும்மா இருந்துவிட்டோம் என்று உங்கள் ஊரில் பேசிக்கொள்கிறார்களாம். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஜூன் மாதம் எங்கள் மைதானத்தில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது வடக்கு மூலையில் இருந்த கொடி மெல்லத் தாழ்ந்தது. காற்று என்று நினைத்தோம். பிறகு கொடியைக் காணவில்லை. அதன் பக்கத்தில் நின்ற எல்லைக்கோட்டு நடுவரும் இடுப்பு வரைக்கும் பூமிக்குள் போய்விட்டார். போனவர் அந்தக் குழிக்குள் நின்றபடியே பந்து வெளியே போய்விட்டது என்று கையிலிருந்த கொடியைத் தூக்கிக் காட்டினார். அவருடைய கடமை உணர்ச்சியை மதிக்கிறேன். பந்து வெளியே போகவில்லை என்பது வேறு விஷயம்.

நகராட்சியிலிருந்து ஒரு பொறியாளர் அம்மாள் வரைபடத்தோடு வந்தார். மைதானத்துக்கு நேர் அடியில் பழைய சுரங்கவழி ஒன்று போகிறது, அதுதான் சரிந்திருக்கிறது என்றார்.

"இதை யார் தோண்டினாங்கன்னு ஏதாவது தகவல் இருக்கா ஐயா?"

"இருக்கு. நானும் என் தம்பியும்."

அவர் அதை எழுதிக்கொண்டு என்னைவிட்டு இரண்டடி தள்ளி நின்றார். எங்கள் தலைவி டோரின் ஸ்விண்டென், உனக்குத் தெரியும், பை கடை வைத்திருந்த ஸ்விண்டெனின் மகள், சின்னப் பிள்ளையிலிருந்து தொண்ணூறு வயது வரை எல்லோரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவாள், அவள் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும்.

"ஏன் ஹெட்லி, ஊருக்கு இருந்ததே ஒரே ஒரு மைதானம். அதுக்கு அடியிலதான் தோண்டணுமா கண்ணு?"

"கரி அங்கதான இருந்துச்சு."

ஒன்று மட்டும் எழுத்தில் இருக்கட்டும். அறுபத்தெட்டில் அந்த வழியில் தெற்குப் பக்கம் கூரை சரியாமல் முட்டுக்கட்டை கொடுத்தவன் நான். வடக்குப் பக்கம் கொடுத்தவன் நீ. தெற்கு மூலை இன்றுவரை ஒரு அங்குலம் அசையவில்லை. மேலே நான் எதுவும் சொல்லவில்லை.

அதன் பிறகு இடம் தேடும் வேலை என் தலையில் விழுந்தது. மைதானம் பார்க்க மற்றவர்கள் விளக்கு, குளியலறை, கார் நிறுத்துமிடம் என்று ஆயிரம் கேட்பார்கள். நான் கேட்பது ஒன்றுதான். அப்பா சுரங்கத்திலிருந்து கொண்டுவந்த வெடிமருந்துப் பெட்டியைப் போட்டு அதன் மேல் ஏறி நிற்க இடம் உண்டா? நம் வீட்டில் நீ மட்டும்தான் வளர்ந்தாய், நான் இப்படியே நின்றுவிட்டேன். அறுபத்தாறு வருஷமாக அந்தப் பெட்டி இல்லாமல் நான் ஆட்டம் பார்த்ததில்லை. நாற்காலியில் உட்கார்ந்து ரக்பி பார்ப்பது பல் பிடுங்கக் காத்திருப்பது மாதிரி.

முதலில் போனது நாய்ப் பந்தய மைதானத்துக்கு. ஊர் பெயர் வேண்டாம். நடுவில் புல் இருக்கிறது, சுற்றி நாய் ஓடும் மணல் பாதை. எங்கள் ஆட்டக்களத்தின் நான்கு மூலையும் மணலில் போய் விழுகிறது. சரி, ஓடிப் பார்க்கட்டும் என்று எங்கள் ஓரத்து ஆட்டக்காரன் லெய்ட்டனிடம் பந்தைக் கொடுத்து மூலைக்கு ஓடச் சொன்னோம். அவன் மணலில் கால் வைத்த நேரம் பார்த்து யாரோ நாய்களுக்கு முன்னால் ஓடவிடும் மின்சார முயலை முடுக்கிவிட்டார்கள். பக்கத்தில் பொம்மை முயல் போகிறது. பின்னால் கதவு திறந்து ஆறு நாய். லெய்ட்டன் பந்தைக் கீழே போடவும் இல்லை, பாதையைவிட்டு விலகவும் இல்லை, ஒரு சுற்று முழுக்க ஓடி மூன்றாவதாக வந்தான். எங்கள் பயிற்சியாளருக்குக் கண்ணில் நீர் தளும்பிவிட்டது. "இந்த வேகத்துல இவன் ஓடி நான் பார்த்ததே இல்லை, இந்த இடத்தையே எடுத்துக்கலாம்" என்கிறார். பெட்டியை எங்கே போடலாம் என்று மேலாளரைக் கேட்டேன். இங்கே எல்லோரும் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டேதான் பார்ப்பார்கள், நிற்கிற வழக்கம் நாய்களுக்கு மட்டும்தான் என்றார். வந்துவிட்டோம்.

அடுத்தது நகரத்துப் பெரிய கால்பந்து மைதானம். பெட்டியைத் துணியில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனேன். படிகளின் உயரத்தை அளந்து பார்ப்பதற்காக ஒரு மூலையில் வைத்துவிட்டு, கழிப்பறைக்குப் போனேன். என் வயதில் அது ஐந்து நிமிஷ வேலை இல்லை. திரும்பி வரும்போது ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. துணி நழுவியிருக்கிறது. பெட்டியின் பக்கவாட்டில் அப்பா காலத்துச் சிவப்பு எழுத்தில் வெடிமருந்து என்று எழுதியிருப்பது உனக்கு நினைவிருக்கும், எழுத்து நன்றாகத்தான் நிற்கிறது. எல்லோரையும் வெளியே விரட்டிவிட்டார்கள். மேல்மாடிக் கூடத்தில் ஒரு கல்யாண விருந்து, அவர்களும் மழையில். போலீஸ் நாய் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அது பெட்டியை முகர்ந்து பார்த்துப் பக்கத்தில் உட்கார்ந்தது. உட்கார்ந்தால் மருந்து இருக்கிறது என்று அர்த்தமாம். இத்தனை வருஷ மழைக்குப் பிறகும் வாசனை போகவில்லை. அந்த நேரத்தில் பெருமைப்பட்டிருக்கக் கூடாது, பட்டேன்.

கார் நிறுத்துமிடத்தில் என் பக்கத்தில் மணப்பெண் நின்றாள். தலையில் யாருடைய மழைக்கோட்டையோ போட்டுக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"யாரோ பைத்தியக்காரன் குண்டு வச்சிட்டானாம் தாத்தா."

"குண்டு இல்லம்மா. அது நான் ஏறி நிக்கிற பெட்டி."

அவள் என் பக்கம் திரும்பினாள். "ஏறி நின்னு என்ன பார்ப்பீங்க?"

"ஸ்கெல்பி ஆடுறத."

"அவங்க ஜெயிப்பாங்களா?"

"இல்ல."

அதற்கப்புறம் அவள் கோபப்படவில்லை. தட்டில் கொண்டுவந்திருந்த கேக்கில் பாதியைக் கொடுத்தாள். மூன்று மணி நேரம் கழித்துப் பெட்டி வந்தது, மூடி உடைந்து. கூடவே ஒரு காகிதமும் வந்தது. ஆயுள் முழுவதும் நான் அந்த மைதானத்துக்குள் நுழையக் கூடாதாம். என் ஆயுளை வைத்துப் பார்த்தால் அது பெரிய தண்டனை இல்லை. ஆனால் கழகத்துக்கும் சேர்த்து இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். டோரின் அன்றைக்கு என்னைக் கண்ணு என்று கூப்பிடவில்லை.

ஆக மிச்சம் உங்கள் மைதானம். அங்கே நின்று பார்க்கும் படிகள் இருக்கின்றன, தெரியும். நாலு மைல் தூரம், தெரியும். கழகம் பிழைக்கும், அதுவும் தெரியும். இருந்தாலும் அந்த ஊரில் கால் வைக்க மாட்டேன். கண் ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ் ஹாக்வொர்த் வழியாகத்தான் போகிறது. உங்கள் ஊர் எல்லையில் கண்ணை மூடுவேன், பாலம் தாண்டியதும் திறப்பேன். நேற்று செவ்வாய்க்கிழமைகூடப் போனேன்.

காரணம் உனக்குத் தெரியும். எழுபத்து நாலு, கோப்பைக் கால் இறுதி, உங்கள் மைதானம். நீ எங்கள் அணியைவிட்டு அங்கே ஆடப் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஆட்டம் முடிய ஒரு நிமிஷம், நாங்கள் இரண்டு புள்ளி முன்னால். முழங்கால் ஆழச் சேறு. நீ பந்தோடு மூலைக்கு வந்து விழுந்தாய். நடுவர் வழுக்கி விழுந்து, முகத்துச் சேற்றைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது நீ பந்தின் மேல் படுத்திருந்தாய். கோட்டுக்கு அப்பால் பந்தைக் கையோடு தரையில் வைத்தால்தான் ட்ரை, மூன்று புள்ளி. கையைவிட்டு நழுவி விழுந்தால் ஒன்றுமில்லை. நடுவர் ட்ரை என்று ஊதினார். நழுவிவிட்டது என்று நான் அன்றைக்கே சொன்னேன். அப்பாவின் சாப்பாட்டு மேஜையில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். "வச்சேன் அண்ணே" என்று நீ ஒரே வார்த்தையில் நின்றாய். பெட்டியின் மேல் நின்றிருந்த எனக்குத் தெரியாதா? அதன் பிறகு நாம் பேசவில்லை. எங்கள் ஊர் அதற்கப்புறம் ஒரு கோப்பையிலும் கால் இறுதி வரை வரவில்லை. ஒரு ஊரின் வாழ்க்கையை ஒரு மூலையில் முடித்துவிட்டு, இப்போது அதே மூலைக்கு எங்களை வாடகைக்கு வரச் சொல்கிறாய்.

எனவே நாளை என் கை மூடுவதற்கே தூக்கப்படும். அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வேன் என்று என் மகள் கேட்கிறாள். ஞாயிறு என்று ஒரு நாள் இருந்தே ஆகவேண்டும் என்று சட்டம் இல்லை.

ஐரிஸுக்கு என் மரியாதையைச் சொல்லவும். உன் பிள்ளைகளுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் நல்ல உடம்பும், சுரங்கம் ஓடாத நிலமும் கிடைக்கட்டும். மூத்தவன் என்ற முறையில் உன் முழங்கால்களையும் ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
மாறாத முடிவோடு,
ஹெட்லி ஓல்ட்ராய்டு

பின்குறிப்பு: வியாழன் மாலை. ரோலி, தபால்தலை தேடிக்கொண்டிருந்ததில் கடிதம் போகவில்லை, அதற்குள் கூட்டம் முடிந்துவிட்டது. நாலுக்கு மூன்று. ஹாக்வொர்த். ஹாக்வொர்த் யாருக்கெல்லாம் வேண்டும் என்று டோரின் கேட்டபோது என் கை மேலே இருந்தது. முதுகு பிடித்துக்கொண்டது, அதனால்தான் என்றேன். "அப்ப இறக்கிடு கண்ணு, எண்ணணும்" என்றாள். இறக்கவில்லை.

மூலைக்கு எதிரே நான்காம் படி, தடுப்புக் கம்பிக்கு வலது பக்கம், அங்கே பெட்டியைப் போட யாரும் ஆட்சேபிக்கக் கூடாது என்று உங்கள் குழுவில் எழுதி வாங்கிவை. உயரம் சரியாக இருக்கிறது. செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் நான் கண்ணை மூட மறந்துவிட்டேன், இறங்கவும் வேண்டியதாகிவிட்டது. மைதானத்தில் புல் வெட்டுகிறவர், "பெரியவரே, ஓல்ட்ராய்டு சாயல் இருக்கே" என்றார். சாயல் மட்டும்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன். உடைந்த மூடிக்கு ஆணி அடித்துவிட்டேன். சின்ன வயதில் நாம் இரண்டு பேரும் நின்றது போல இப்போதும் நிற்கலாம், ஆனால் உன் எடை என்ன என்று எனக்குத் தெரியாது.

அந்தப் படியிலிருந்து மூலை நன்றாகத் தெரிகிறது. எழுபத்து நாலில் நான் நின்றதும் அதே படிதான். பந்து நழுவவில்லை. இரண்டு கையாலும் வைத்தாய். பெட்டியின் மேல் நின்றிருந்த எனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தை ஐரிஸைத் தவிர யாரிடமும் காட்டாதே.

வடக்கு மூலை மட்டும் உன்னால்தான் சரிந்தது. அதில் மாற்றம் இல்லை.