டிங் டிங் சாரும் ஜெயிலுக்குப் போன பிள்ளையாரும்

உலகத்தில் இருக்கிற அத்தனை மெயில் கம்பெனிகளும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே ஒரு தனி மனிதரை எதிர்த்து நின்றன என்றால், அந்த மனிதர் எங்கள் டிங் டிங் சார்தான். மாடம்பாக்கத்தில் சொந்த வீடு, பழைய ஸ்கூட்டர், மத்தியானம் தயிர்சாதமும் நார்த்தங்காயும் என்று இருந்த அந்தச் சாதுவைக் கண்டு எங்கோ கடல் தாண்டி இருந்த பெரிய பெரிய கம்ப்யூட்டர்கள் நடுங்கின என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஆனால் நடுங்கின. அவர் அனுப்பிய மெயிலை எல்லாம் வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பின.

அவருடைய உண்மைப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. தாம்பரம் சானடோரியம் பக்கத்தில் ரப்பர் வாஷர் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். நான் கணக்கு, அவர் டெஸ்பாட்ச். எத்தனை வாஷர் தயார், எத்தனை லாரியில் ஏறிவிட்டது என்று வாராவாரம் வாடிக்கையாளர்களுக்கு ஸ்டாக் ஸ்டேட்மென்ட் அனுப்புவது அவர் பொறுப்பு.

நம்மில் பலருக்கு நல்ல காரியத்துக்கான காகிதம் என்றால் நாலு மூலையிலும் மஞ்சள் தடவுகிற வழக்கம் உண்டு. பிள்ளையார் சுழி போடாமல் மளிகைச் சீட்டுகூட எழுதாதவர்கள் உண்டு. டிங் டிங் சார் இந்த இரண்டு கட்சியிலும் ஆயுள் உறுப்பினர். காகிதத்தில் அனுப்பிக்கொண்டிருந்தவரை அவருக்கு ஒரு குறையும் இல்லை. ஸ்டேட்மென்ட்டை இனி மெயிலில்தான் அனுப்ப வேண்டும் என்று முதலாளி சொன்னதும் மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. மெயிலில் மஞ்சளை எங்கே தடவுவது?

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தார். தன் மகள் வயசுப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டார். கடைசியில் ஒரு ஃபைல் செய்தார். அதை க்ளிக் செய்தால் திரையின் நாலு மூலையிலும் மஞ்சள் பூக்கும். நடுவில் பிள்ளையார் வருவார். டிங், டிங் என்று பூஜை மணி இரண்டு முறை அடிக்கும். அதற்கு அப்புறம்தான் வாஷர் கணக்கு வரும். அவர் வீட்டுப் பூஜை மணியையே பதிவு செய்து உள்ளே வைத்திருந்தார். பெயர் வந்த கதை இதுதான்.

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு வாடிக்கையாளர் பெரிய மீட்டிங்கில், பெரிய திரையில், இந்த ஃபைலைத் திறந்துவிட்டாராம். மணி அடித்ததும் பாதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்களாம். அந்த மாதம் எங்களுக்கு ஆர்டர் கூடியது. சாரைக் கையில் பிடிக்க முடியவில்லை.

அப்புறம் காலம் கெட்டது. ஒரு நாள் மெயில் திரும்பி வந்தது. பாதுகாப்புக் காரணங்களுக்காக இந்த இணைப்பை அனுப்ப முடியாது என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி. சார் எங்கள் சிஸ்டம் பீட்டரைக் கூப்பிட்டார். பீட்டர் எங்கள் ஆபீசின் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் டாக்டர்.

"பீட்டர், இதைப் பாருப்பா. பிள்ளையாரைத் திருப்பி அனுப்பிட்டான்."

"சார், இது ஓடுற ஃபைலு. ஓடுற ஃபைல் எதையும் இப்போ வுட மாட்டான் சார். உள்ள வைரஸ் கீதோன்னு பயம்."

"பிள்ளையார் என்னிக்குப்பா ஓடினார்? ஓடாம உட்கார்ந்த இடத்துலயே மாம்பழம் வாங்கினவரு அவரு!"

பீட்டர் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன். மாம்பழ விவகாரத்தில் கருத்துச் சொல்ல விரும்பாமல் நழுவிவிட்டான்.

அன்று தொடங்கியது யுத்தம். ஃபைலின் பெயரை மாற்றி, போட்டோ மாதிரி அனுப்பினார். மெயில் கம்பெனி முகமூடியைக் கழற்றிப் பார்த்துத் திருப்பி அனுப்பியது. ஜிப் செய்து அனுப்பினார். பையைப் பிரித்துப் பார்த்துத் திருப்பி அனுப்பியது. பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டி அனுப்பினார். பூட்டின பை என்றால் பையே வேண்டாம் என்று அதுவும் திரும்பியது. பொறுக்க முடியாமல் அந்த மெயில் கம்பெனிக்கே ஒரு புகார் எழுதினார். இது வைரஸ் இல்லை, பிள்ளையார், வேண்டுமானால் நீங்களே திறந்து பாருங்கள் என்று அந்த ஃபைலையும் கூடவே இணைத்தார். புகாரும் திரும்பி வந்தது.

எனக்கு வயிற்றெரிச்சல் எங்கே என்றால், லாட்டரியில் கோடிக்கணக்கில் விழுந்திருக்கிறது, பேங்க் நம்பரைக் கொடு என்று எவனோ அனுப்புகிற மெயிலெல்லாம் செருப்புக் காலோடு என் வீட்டுக்குள் நடந்து வருகிறது. அவனை நிறுத்த ஒரு நாதி இல்லை. ஒரு பாவமும் அறியாத எங்கள் சார்தான் அந்தக் கம்ப்யூட்டர்களின் கண்ணுக்குத் தீவிரவாதியாகத் தெரிந்தார்.

கடைசியில் சார் ஒரு சந்து கண்டுபிடித்தார். தனி புரோகிராமாக இல்லாமல், சாதாரணக் கடிதம் அடிக்கிற ஃபைலுக்குள்ளேயே மேக்ரோ என்று ஒரு குட்டிப் புரோகிராமை ஒளித்துவைக்கலாமாம். கடிதத்தைத் திறந்தால் அது விழித்துக்கொள்ளும். அப்படி ஒன்று செய்து அனுப்பினார். போய்விட்டது!

"போச்சுப்பா! ஒரு வார்த்தை பேசாம போச்சு!" என்று ஆபீஸ் முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். ஒரு வார்த்தை பேசாமல் போனதுதான் பின்னால் அவர் குடியைக் கெடுத்தது.

சில வருஷங்களில் கம்பெனியை மூடிவிட்டார்கள். நான் சேலையூரில் ஒரு ஆடிட்டரிடம் ஒட்டிக்கொண்டேன். பீட்டர் கெட்டிக்காரன், பெருங்குடியில் ஒரு பெரிய கம்பெனியில் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்கிற வேலைக்குப் போய்விட்டான். சார் மட்டும் வீட்டில் உட்கார்ந்தார். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. ஒரே பெண் இன்ஜினீயரிங் மூன்றாம் வருஷம். அவள் படிப்பு முடிகிற வரைக்குமாவது ஒரு சம்பளம் வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான்.

விளம்பரம் கண்ட இடத்துக்கெல்லாம் மணி அடிக்கிற விண்ணப்பம் அனுப்பினார். ஒன்றும் திரும்பி வரவில்லை. பதிலும் வரவில்லை. மழை போய் வெயில் வந்தது, வெயில் போய் மறுபடி மழை வந்தது. மகளின் தோழியைக் காரணம் காட்டி ஸ்கூட்டரை விற்றுவிட்டார். "அவ ஃப்ரெண்டுக்கு வேணுமாம்" என்றார். அந்த ஸ்கூட்டரை எந்தப் பெண் வாங்குவாள்?

ஒரு நாள் ராஜகீழ்ப்பாக்கம் பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். முகத்தில் நாலு நாள் தாடி. நெற்றியில் விபூதி மட்டும் அதே பளிச்.

"வேலை இல்லைன்னாக்கூடப் பரவாயில்லப்பா. 'நீ வேண்டாம்'னு ஒரு வரி எழுதிப் போடக்கூட ஆளில்லை. நான் இருக்கேனா செத்தேனான்னு எனக்கே சந்தேகமா இருக்கு" என்றார். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். எனக்கு அன்றைக்கு எந்தக் கணக்கும் ஓடவில்லை.

அடுத்த வாரம் பீட்டரிடமிருந்து போன்.

"அண்ணா, இன்னா பண்ணிக்கினு கீறீங்க? நம்ம டிங் டிங் சார் பிள்ளையாரு இங்க ஜெயில்ல கீறாருண்ணா!"

"என்னடா உளர்றே?"

அவன் பொறுமையாகச் சொன்னான். பெரிய கம்பெனிகளில் மேக்ரோ வைத்த ஃபைல் வந்தால் யாரிடமும் சேர்க்காமல் தனியாக ஒரு இடத்தில் அடைத்துவைத்துவிடுமாம். அனுப்பினவருக்கும் சொல்லாது, வாங்க வேண்டியவருக்கும் சொல்லாது. அப்படி அடைபட்டவற்றைப் பார்வையிடும்போது சாரின் விண்ணப்பம் அவன் கண்ணில் பட்டிருக்கிறது. அவர்கள் கம்பெனியில் ஸ்டோர்ஸுக்கு ஆள் எடுக்கிறார்கள். வெள்ளிக்கிழமையோடு கடைசி.

"சாருக்குன்னே செஞ்ச மாதிரி வேலைண்ணா. அவர் அப்ளிகேஷன் மேல சிவப்பு கலர்ல 'அபாயம்'னு போட்டு வெச்சுகீறான். எனக்கு மனசே ஆவல."

"நீயே எடுத்து உள்ள விடேன்டா."

"வுட்டா நாளைக்கு நானும் சாரும் சேர்ந்து வேலை தேடுவோம். மேக்ரோ இல்லாம புதுசா அனுப்பச் சொல்லுங்கண்ணா."

நேரே மாடம்பாக்கம் போனேன். சாரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் அனுப்பிய விண்ணப்பங்களில் முக்கால்வாசி இப்படித்தான் எங்கெங்கோ அடைபட்டுக் கிடக்கும் என்பது அவருக்கு மெல்ல உறைத்தது. அழுதுவிடுவார் என்று நினைத்தேன். முகம் மலர்ந்தது.

"அப்படின்னா என்னை யாரும் வேண்டாம்னு சொல்லலியாப்பா?"

"சொல்லவே இல்லை சார். உங்களை யாரும் படிக்கவே இல்லை."

"நல்லதாப் போச்சு" என்று சிரித்தார். ஷேவ் செய்துகொண்டு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். அதோடு சரி. மணியை எடுத்துவிடுங்கள் என்றதும் கை நின்றுவிட்டது.

"மொட்டையாவா அனுப்பச் சொல்றே? பிள்ளையார் இல்லாம நான் ஒரு வாஷர்கூட அனுப்பினதில்லை."

"சார், நாளைக்கு வெள்ளிக்கிழமை."

"அதனாலதான் சொல்றேன். வெள்ளிக்கிழமையை வெச்சுக்கிட்டுப் பிள்ளையாரை வெளியே தள்ளச் சொல்றியே."

கெஞ்சினேன். கோபித்தேன். எழுந்து வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன். சமையலறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அண்ணி, அவருடைய மனைவி, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"மணி அங்கே போய்த்தான் அடிக்கணுமா? கடுதாசி கிளம்புற இடம் இதுதானே? நீங்க பட்டனை அமுக்குங்க, நான் இங்கே அடிக்கிறேன்."

சார் என்னைப் பார்த்தார், நான் சாரைப் பார்த்தேன். இத்தனை வருஷமாக எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. அண்ணி பூஜை அறையிலிருந்து மணியை எடுத்து வந்தார். மானிட்டரின் நாலு மூலையிலும் சார் மஞ்சள் தடவினார். டிங், டிங். சார் கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினார். விண்ணப்பம் கிடைத்தது, நன்றி என்று உடனே பதில் வந்தது. அது கம்ப்யூட்டர் தானாக அனுப்புகிற பதில் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். பீட்டர் கீழே வந்து லிஃப்ட் வரை கூட்டிக்கொண்டு போனானாம். கேள்வி கேட்ட பெண் மரியாதையானவள். காபி வரவழைத்தாள். எல்லாவற்றையும் முழுசாகப் படித்தாள்.

"உங்க எக்ஸ்பீரியன்ஸ் ரொம்ப நல்லா இருக்கு சார். ஆனா எங்க டீம்ல எல்லாருமே சின்னப் பசங்க. உங்களுக்கு செட் ஆகாது" என்றாளாம்.

இங்கே நான் ஏதாவது நல்ல செய்தி சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். எனக்கும் ஆசைதான். அன்று சாயங்காலம் சிட்லபாக்கம் ஏரிக்கரையில் என் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொன்னதுதான் இன்னும் காதில் இருக்கிறது.

"மிஷின் நிறுத்தினப்போ கோபமாவது பட முடிஞ்சுது. இந்தப் பொண்ணு என்னை முழுசாப் படிச்சுட்டுல்ல வேண்டாம்னு சொல்லிச்சு."

அந்த மெயில் ஜெயிலிலேயே கிடந்திருக்கக் கூடாதா என்றுகூட நினைத்தேன்.

பிறகு ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு ஹார்டுவேர் கடையில் பில் போடுகிற வேலை கிடைத்தது. விண்ணப்பம் கிடையாது, மெயில் கிடையாது. பழைய கம்பெனிக்கு ஆணி சப்ளை செய்த கடைக்காரர், "நாளைக்கே வாங்க சார்" என்று சொல்லிவிட்டார். சம்பளம் பழையதில் பாதி. ஆனால் அந்தக் கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் இல்லை, தடுப்பாரும் இல்லை. காலையில் அதைத் திறந்தால் டிங், டிங். பெயின்ட் வாங்க வந்த ஒரு அம்மா செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே போனதை நானே பார்த்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டு காலிங் பெல் அடித்தது. சார் நின்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து நீட்டினார். அதன் நாலு மூலையிலும் மஞ்சள்.

"பொண்ணுக்கு வேலை கிடைச்சிருக்குப்பா. ஆர்டர் வந்திருக்கு. முதல்ல உனக்குத்தான் காட்டணும்னு வந்தேன்."

"போன்ல அனுப்பியிருக்கலாமே சார்? வெயில்ல இவ்வளவு தூரம் நடந்து..."

"அதுல மணி அடிக்காதே."

பென் டிரைவைச் சொருகினேன். என் கம்ப்யூட்டர் உடனே முகத்தைச் சுளித்தது. இந்த ஃபைலில் மேக்ரோ இருக்கிறது, ஆபத்தாக இருக்கலாம், இதைக் கொடுத்தவரை நீங்கள் நம்புகிறீர்களா என்று மஞ்சள் பட்டையில் கேட்டது. சார் என் முதுகுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. இதுவரை அவர் கண் முன்னால் யாரும் ஆமாம் என்று சொன்னதில்லை, அவ்வளவுதான்.

நான் ஆமாம் என்பதை அமுக்கினேன். டிங், டிங். என்னை அறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.