முறுக்கு மாஸ்டரும் அடங்காத வண்டியும்

திருப்பூரில் வண்டி ஓட்டத் தெரியாதவர்கள் நிறையப் பேர் உண்டு. வண்டியை நிறுத்தப் பயந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் கம்பெனியின் கட்டிங் மாஸ்டர். எந்நேரமும் ஆக்ஸிலேட்டரை முறுக்கிக்கொண்டே இருந்ததால் அவருக்கு முறுக்கு மாஸ்டர் என்று பெயர். சொந்தப் பெயரை அவரே மறந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

இரண்டாயிரத்துகளின் தொடக்கம் அது. நான் அந்த பனியன் கம்பெனியின் ஆபீசில் இருந்தேன். பனியன் துணியில் ஒரு சங்கதி உண்டு. நிட்டிங், சாயம் எல்லாம் முடிந்து சுருளாக வருகிற துணி இழுபட்டுக் கிடக்கும். அவிழ்த்துப் போட்டு ஒரு நாள் சும்மா விட்டால்தான் தானாகச் சுருங்கி உண்மையான அளவுக்கு வரும். அவசரப்பட்டு வெட்டினால், பையனுக்குத் தைத்த பனியன் முதல் சலவையிலேயே பொம்மைக்கு ஆகிவிடும். இந்த விஷயத்தில் மாஸ்டரை யாரும் அசைக்க முடியாது. ஷிப்மெண்ட் போக வேண்டும் என்று முதலாளியே வந்து நின்றாலும் மெஷினைத் தொட மாட்டார்.

"துணி அடங்கட்டுங்க. அதுக்குள்ள நீங்க போயி ஒரு டீ சாப்பிடுங்க" என்பார். முதலாளியும் போய் டீ சாப்பிடுவார். மாஸ்டர் வெட்டிய சரக்கு அளவு குறைந்து திரும்பி வந்ததே இல்லை. அந்தப் பெருமைதான் மனிதரைக் கெடுத்தது.

அவரிடம் ஒரு பழைய ஃபோர் ஸ்ட்ரோக் பைக் இருந்தது. அதில் பறக்க வேண்டும் என்று ஆசை வந்து, கோயமுத்தூரில் ரேஸ் வண்டி செய்கிற யாரிடமோ ஒரு கேம் ஷாஃப்ட் வாங்கி வந்தார். எஞ்சினின் வால்வுகளைத் திறந்து மூடுகிற தண்டு அது. மாட்டிக்கொடுத்த மெக்கானிக் அழாத குறையாகச் சொன்னார்.

"மாஸ்டர், இது ரேஸ் சாமானுங்க. கார்பரேட்டர், ஐட்லிங் எல்லாம் இதுக்குத் தகுந்தாப்புல டியூன் பண்ணோணும். வண்டிய உட்டுட்டுப் போங்க."

"டியூனிங் எதுக்குங்க? புதுச் சாமான். ஒரு நாள் சும்மா உட்டா தானா அடங்கீரும்" என்றார் மாஸ்டர்.

விட்டார். எங்கள் துணி குடோனில், அவிழ்த்துப் போட்ட துணிகளுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, யாரும் தொடக் கூடாது என்று உத்தரவும் போட்டார். மறுநாள் எடுத்தபோது, முறுக்கினால் வண்டி சீறிக்கொண்டு போனது. முறுக்கை விட்டால் டப், டபடப, டப் என்று காய்ச்சல்காரன் மாதிரி நடுங்கி, ஒரு விக்கலோடு நின்றது. நின்றுவிட்டால் கிக்கருக்கெல்லாம் மசியாது. ஆள் சேர்த்துத் தள்ளினால்தான் உயிர் வரும்.

"கனமான துணி ஒண்ணு ரெண்டு நாள் சேத்திக் கேக்குமல்லங்க, அது மாதிரிதான்" என்று மாஸ்டர் விளக்கம் சொன்னார். அந்த ஒன்றிரண்டு நாள் பல மாதங்களாக நீண்டது.

அவர் வருகிற சத்தம் கேட்டால் நான் போனை வைத்துவிடுவேன். சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் லைனில் இருந்தால் ஜெனரேட்டர் என்று சமாளிப்பேன். திருநெல்வேலிக்காரரான எங்கள் வாட்ச்மேன் தெருமுனையில் உறுமல் கேட்கும்போதே கேட்டை விரியத் திறந்துவிட்டு, "ஒதுங்குலே, மாஸ்டர் வாராரு" என்று எல்லோரையும் ஓரம் கட்டுவார்.

ஒருமுறை டிராஃபிக் போலீஸ்காரர் கை காட்டினார். மாஸ்டர் நிற்கவில்லை, ஓடவும் இல்லை. அவரையே சுற்றி வட்டமடித்தார்.

"வண்டிய நிறுத்துய்யா" என்றார் போலீஸ்காரர்.

"நிறுத்துனா நீங்கதானுங்க சார் தள்ளோணும்."

போலீஸ்காரரும் நின்ற இடத்திலேயே சுழன்று சுழன்று லைசென்ஸை விசாரித்தார். கடைசியில் தலை சுற்றி, போய்த் தொலை என்று அனுப்பிவிட்டார்.

இப்படிப்பட்டவருக்குப் பெண் பார்க்கும் நாள் வந்தது. வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. வந்த வரன்கள் எல்லாம் தட்டிப்போயிருந்தன. "இதுவும் கை நழுவுனா இனி என்னால அலைய முடியாது சாமி" என்று அவருடைய அக்கா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். பெண்ணுக்கு ஊர் வெள்ளகோவில். அக்காவும் அவர் கணவரும் பஸ்ஸில் முன்னால் போனார்கள். துணைக்கு நான், மாஸ்டரின் பின்சீட்டில்.

"நாமளும் பஸ்ஸுலயே போலாம் மாஸ்டர்" என்று கெஞ்சினேன்.

"இத்தன தூரம் ஓடுனா இன்னைக்கு அடங்கீருமுங்க. வண்டியில போயி எறங்குனாத்தான் மருவாதி" என்றார்.

பறந்துதான் போனோம். பெண் வீட்டார் வெள்ளை வேட்டியும் பட்டுமாக வாசலில் நிற்க, மாஸ்டர் முறுக்கைக் குறைத்துப் பார்த்தார். டப், டபடப. உடனே பழையபடி முறுக்கி, அந்த அகன்ற வாசலைச் சுற்றி வரத் தொடங்கினார். நான் ஒரு வளைவில் குதித்துத் தப்பித்தேன்.

"எறங்கி வாங்க தம்பி" என்றார் பெண்ணின் அப்பா.

"வர்றனுங்க. அடங்கட்டுங்க."

"எதுங்க?"

"வண்டீங்க."

கோழிகள் சிதறி ஓடின. பெரியவர் ஒருவர், "கிறுக்கனாட்ட இருக்குதே" என்று முணுமுணுத்தார். அக்கா தலைகுனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லாம் முடிந்தது என்று நானும் நினைத்துவிட்டேன்.

அப்போது பெண் வெளியே வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. கையில் காபியோடு படியிறங்கி, மாஸ்டர் சுற்றுகிற பாதையோரம் நின்று டம்ளரை நீட்டினாள்.

"ஆறிப்போகுதுங்க" என்றாள்.

மாஸ்டர் இன்னும் ஒரு சுற்று வந்தார். போலீஸ் அதட்டியும் நடக்காத காரியம் அங்கே நடந்தது. முறுக்கை விட்டார். வண்டி விக்கி நின்றது. இறங்கி வந்து, நின்றபடியே காபியை வாங்கிக் குடித்தார்.

"வண்டி ரிப்பேருங்களா?" என்று அவள் கேட்டாள்.

மாஸ்டர் வண்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "ஆமாங்க" என்றார். வண்டியில் கோளாறு என்று அவர் ஒப்புக்கொண்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

கிளம்பும்போது நானும் அக்கா கணவரும் தள்ளினோம். வண்டி மசியவில்லை. பெண்ணின் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். கிறுக்கன் என்று முணுமுணுத்த பெரியவரும் வந்தார். அப்படியும் எஞ்சின் பிடிக்காமல் போகவே, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அவளே வந்து பின்னால் கேரியரைப் பிடித்துத் தள்ளினாள். வண்டி உறுமியது. அக்கா சந்தோஷத்தில் வாய்விட்டு அழுதார். அதற்குமேல் சம்மதமா என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

மறுநாள் மாஸ்டர் கம்பெனிக்கு நடந்து வந்தார். வண்டியை டியூன் பண்ண விட்டிருப்பதாகச் சொல்லிவிட்டுத் துணியை விரிக்க ஆரம்பித்தார். நாங்கள் எல்லோரும் தொண்டை கிழியச் சொல்லியும் கேட்காதவர். என்ன ஆயிற்று என்று விடாமல் கேட்டேன்.

"தள்ளுனதுல அந்தப் புள்ளைக்குக் கையெல்லாம் செவந்து போச்சுங்க" என்றார், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அத்தனை மாதம் என் காதைப் பாடாய்ப் படுத்தியதையெல்லாம் அந்த இடத்திலேயே மன்னித்துவிட்டேன். எனக்கு அந்த மனுஷனை ரொம்பப் பிடிக்கும்.