கிராக்கி கெட்ட வார்த்தை இல்லை

ஓடுகிற சீரியலைப் பாதியில் நிறுத்திவிட்டு, பெண்களிடம் அடி வாங்காமல் தப்பித்த ஒரே ஆம்பிளை இந்தத் தண்டையார்பேட்டையில் எங்கள் கிராக்கி சாரு மட்டும்தான். மெட்ராஸ் முழுக்கத் தேடினாலும் இன்னொருத்தர் அகப்படமாட்டார். அகப்பட்டாலும் எங்களுக்கு வேண்டாம்.

சார் என்பது எங்கள் வாயில் சாரு. அவர் என் வீட்டு மாடி அறையில் குடியிருப்பவர். டோல்கேட் பக்கம் ஒரு டுடோரியலில் பொருளாதாரம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பூர்வீகம் விருதுநகர்ப் பக்கம். அப்பாவுக்கு ராயபுரத்தில் மொத்த மளிகைக் கடை. அந்தக் கடையில் உட்காராமல் பாடம் நடத்தப் போனது முதல் கிறுக்கு. நாற்பது வயதாகியும் சொந்தமாக ஒரு டிவி வாங்காமல் என் வீட்டு டிவி முன்னால் வந்து உட்கார்ந்தது இரண்டாவது கிறுக்கு.

நானும் பக்கத்து வீட்டுக் கன்னியம்மாவும் காலையில் மீன் விற்றுவிட்டு வந்து, குளித்து, சாப்பிட்டு, இரண்டு மணிக்கு டிவி முன்னால் காலை நீட்டுவோம். நெட்டில் ஓடுகிற டிவி அது. எந்த இடத்தில் வேண்டுமானாலும் நிறுத்தலாம். ரிமோட் எப்படி சாரு கைக்குப் போனது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

ஒரு நாள் சீரியலில் மருமகள் நகைப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அழுகிறாள். நகையை விற்றால் புருஷனுக்கு ஆபரேஷன் செய்யலாம், இல்லையென்றால் தங்கச்சிக்குக் கல்யாணம் செய்யலாம். நாங்கள் முந்தானையால் கண்ணைத் துடைக்கிறோம். சாரு டப்பென்று நிறுத்தினார்.

"இதாம்மா வாய்ப்புச் செலவு! ஒண்ணை எடுத்தா இன்னொண்ணை விடணும். அந்த விட்டதுதான் எடுத்ததோட விலை."

"அடப்பாவி மன்சா!" என்றாள் கன்னியம்மா. "அவ தாலி ஊசலாடிகினு கீது, நீ செலவு கணக்கு பாக்குறியா?"

இன்னொரு நாள் ஒரு சினிமா. கதாநாயகன் பந்தயம் கட்டி பிரியாணி தின்கிறான். முதல் தட்டில் முகம் மலர்கிறது. நாலாவது தட்டில் கண் பிதுங்குகிறது. அங்கே நிறுத்தினார். தின்னத் தின்ன அடுத்த தட்டின் ருசி எப்படிக் குறைகிறது என்று இருபது நிமிடம் பேசினார். இருபது நிமிடமும் அந்த நடிகர் வாயைத் திறந்தபடியே இருந்தார்.

"சாரு, அந்தாளு பாவம்ப்பா. முழுங்கவாவது வுடு," என்று கன்னியம்மா கையெடுத்துக் கும்பிட்ட பிறகுதான் படம் நகர்ந்தது.

அவருக்கு அந்தப் பேர் வந்த கதை இது. ஒரு தடவை எங்கள் தெரு ஆட்டோக்கார நாகுவைப் பிடித்து நிறுத்தி, "கிராக்கி ஏறினா விலை ஏறும்" என்று பாடம் ஆரம்பித்தார். நாகுவுக்கு கிராக்கி என்றால் ஆட்டோவில் ஏறுகிற ஆள்.

"ஏறுனா இன்னாத்துக்கு சார் வெலய ஏத்துறது? பேசுன துட்டுதான். கிராக்கி எறங்குனாதான் அதுவும் கைக்கு வரும்," என்றான் நாகு.

"இறங்கினா விலை இறங்கும்!" என்றார் சாரு.

"அப்போ என் கிராக்கி எறங்கவே கூடாதா? வூட்டுக்கு இட்டுகினு போயி சோறு போடவா?"

அரை மணி நேரம் இரண்டு பேரும் மல்லுக்கட்டினார்கள். கடைசியில் சாரு தோற்றார். அதைப் போய் வகுப்பிலேயே சொல்லிச் சிரித்தார். அன்றிலிருந்து பிள்ளைகளுக்கும் அவர் கிராக்கி சாருதான். முன்னால் 'சாவு' என்று சேர்த்தால் அது திட்டு. சேர்க்காவிட்டால் எங்கள் பக்கம் அது மரியாதை.

போன மாதம் ஒரு நாள் சீரியல் நிற்காமல் ஓடியது. மாமியார் விஷம் கலந்தாள், சாரு நிறுத்தவில்லை. போலீஸ் வந்தது, நிறுத்தவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது.

"இன்னா சாரு, உடம்புக்கு இன்னா?"

விஷயம் மெதுவாக வந்தது. ஒரு பெண், பரீட்சைத் தாளில் 'தேவை' என்று எழுத வேண்டிய இடத்தில் 'கிராக்கி' என்று எழுதியிருக்கிறாள். அவள் அப்பா டுடோரியலுக்கு வந்து கத்தியிருக்கிறார். வகுப்பில் டிவி போட்டு சினிமாவாம், சீரியலாம், வாயில் அசிங்கமான கலீஜ் வார்த்தையாம். டுடோரியல் முதலாளி இவரை வேலையை விட்டுப் போகச் சொல்லிவிட்டார்.

கலீஜ் வார்த்தையா? நாற்பது வருஷமாக நான் வாயைத் திறந்து கூப்பிட்டு வியாபாரம் செய்யும் வார்த்தை!

மறுநாள் மீன் விற்ற கையோடு, கூடையோடு, நானும் கன்னியம்மாவும் டுடோரியலின் மூன்று மாடி ஏறினோம். முதலாளி எங்களைப் பார்த்ததும் கைக்குட்டையை மூக்கில் வைத்தார். எங்கள் பின்னாலேயே ஓடி வந்த சாரு மூலையில் உட்கார்ந்து பேந்தப் பேந்த விழித்தார். வாசலில் பிள்ளைகள் கூடிவிட்டார்கள்.

"உங்களுக்கு என்னம்மா தெரியும் பாடத்தப் பத்தி?" என்றார் முதலாளி. "தேவைன்னா என்ன, சொல்லுங்க பார்ப்போம்."

கூடையை அவர் மேஜைமேல் வைத்தேன்.

"காலைல என் முன்னாடி பத்து பேரு நிப்பான். அல்லாருக்கும் வஞ்சிரம் மேல ஆச. செவுளத் தூக்கிப் பாப்பான், வெலயக் கேப்பான், எட்டு பேரு நெத்திலி வாங்கினு பூடுவான். அவனுக்கும் வஞ்சிரம் தேவதான். ஆனா வஞ்சிரத்துக்கு அவன் கிராக்கி இல்ல. கைல துட்டும் வெச்சிகினு, குடுக்க மன்சும் வெச்சிகினு நிக்கிறான் பாரு, அவன்தான் கிராக்கி. உன் புஸ்தகத்துல இன்னா போட்டுக்குது?"

சாரு துள்ளி எழுந்தார். "இதேதான் சார்! ஆசை, வாங்குற சக்தி, கொடுக்குற மனசு. மூணும் சேர்ந்தாத்தான் அது. இதைச் சொல்ல புத்தகத்துக்கு ஒரு பக்கம் தேவைப்படுது!"

வாசலில் கைதட்டல். முதலாளி கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, சரி. சார் இருக்கட்டும். டிவி வேணாம். அந்த வார்த்தையும் வேணாம்."

டிவியைத் தவிர வேறு யாரையும் அதட்டியறியாத சாரு நிமிர்ந்து நின்றார். "அந்த வார்த்தை இல்லாம எனக்கு இந்தப் பாடம் நடத்த வராது சார். நான் கிளம்புறேன்."

படி இறங்கும்போது கன்னியம்மா என் தோளை இடித்தாள். "அடியே, வேலயக் காப்பாத்தத்தானே வந்தோம்? திரும்பக் கெடச்சத வாண்டாம்னு சாருவ இட்டுகினு போறமே!"

"போறோம். இன்னா இப்போ?" என்றேன். என் கழுத்து அன்று வளையவே இல்லை.

வீட்டில் சோறு போட்டு உட்கார வைத்தேன். இரண்டு வாய் தின்பதற்குள் வாசலில் செருப்புச் சத்தம். டுடோரியல் பிள்ளைகள் ஆறேழு பேர். பரீட்சையில் அந்த வார்த்தையை எழுதிய பெண்தான் முன்னால் நின்றாள்.

"சார், நாளைக்கு கிளாஸ் எங்க சார்?"

சாரு என்னைப் பார்த்தார்.

"மொட்டைமாடி சும்மாதானே கீது?" என்றேன். "கிராக்கின்ற வார்த்தய அடிச்சி அயிக்காம எழுதறதுன்னா வாங்க. டிவிய நான் மேல ஏத்தித் தரேன்."

சாரு தட்டைப் பார்த்தபடி மீனைப் பிசைந்துகொண்டே இருந்தார். மளிகைக்கடைப் பிள்ளை, முள் எடுக்கத் தெரியாது. நான் வயிற்றில் சுமந்த இரண்டு பேருக்கும் ஐந்து வயதுக்குமேல் முள் எடுத்துக் கொடுத்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அந்தத் தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.