ஃபிளாஷ் மாபுக்கு வெற்றிலை பாக்கு

காலை எட்டு மணிக்கு மாடியிலிருந்து எட்டிப் பார்த்தபோது முதலில் கண்ணில் பட்டது, எருமப்பட்டி சாலையோரம் மேசைமேல் இருந்த சந்தனக் கிண்ணம். பக்கத்தில் கல்கண்டுத் தட்டு, பன்னீர்ச் செம்பு. திடீரென்று கூடி, ஆடி, திடீரென்று கலைவதுதான் ஃபிளாஷ் மாப். அதற்கு வீடு வீடாகப் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தவர் உலகத்திலேயே எங்கள் ஹாரன்காரர் ஒருவர்தான்.

லாரிகளுக்கு ஏர் ஹாரன் மாட்டுவது அவர் தொழில். அவர் கடைக்கு மேல் மாடியில் நான் குடியிருந்தேன். அலாரம் வைக்க வேண்டியிருந்ததில்லை. ரகசியத்தையும் அடுத்த தெருவுக்குக் கேட்கும்படிதான் சொல்வார். அவர் போன் ஒலித்தால் சைக்கிள்கள் ஓரம் கட்டும். அதிலும் ஹாரன்தான்.

அவர் வீடு சாலைக்கு அந்தப் பக்கம். முழங்கால் வலிக்கார மனைவி சாப்பாட்டுத் தூக்குடன் எதிரே வந்து நிற்பார். லாரிகள் நிற்காது. ஒருநாள் ஹாரன் சத்தத்தில் பதறிப் பின்வாங்கி விழுந்தார். தூக்கு நசுங்கியது.

"ஏனுங்க, லாரிக்காரன் மேல கோவமில்லீங்க. அதை மாட்டி உட்டது நீங்கதானுங்களே," என்றார்.

ஹாரன்காரர் அன்று சாப்பிடவில்லை. வேகத்தடை கேட்டு மனுக் கொடுத்தார். வேகத்தடை வரவில்லை. போனில் ஒரு வீடியோ வந்தது: ஏதோ வெளிநாட்டு ரயில் நிலையத்தில் திடீர் நடனம்.

"அத்தனை பேரும் நின்னு பாக்கறாங்க பாருங்க சாமி. நம்ம ரோட்டுல ஆடுனா லாரியும் நிக்குமில்ல?" என்று என்னிடம் காட்டினார்.

"அண்ணா, அது யாருக்கும் சொல்லாம செய்யறதுங்க."

"சொல்லாம யாருங்க வருவா? நாளைக்கு ஒருத்தன் 'என்னையக் கூப்புடலியே'ன்னு கேட்டா, மூஞ்சிய எங்க கொண்டு போயி வெக்கறது?"

ஆகவே ஊரே பட்டும் வேட்டியுமாக வந்து சந்தனம் பூசிக்கொண்டது. "பொண்ணு எங்கீங்க?" என்று கேட்டார் ஒரு பெரியம்மா. "பொண்ணு இல்லீங்க, டான்ஸு," என்றார் ஹாரன்காரர். "அப்ப பந்தி?" என்றார் பெரியம்மா.

பாட்டுப் போட்டார்கள். நான் உட்பட எல்லோரும் சாலையில் இறங்கித் தெரிந்த ஒயிலாட்டத்தை ஆடினார்கள். ஹாரன்காரர் வடக்கே பார்த்தார், தெற்கே பார்த்தார். நிறுத்துவதற்கு ஒரு லாரியும் வரவில்லை.

"லாரியெல்லாம் எங்க போச்சு?"

"வளைவுல நிறுத்திட்டு வந்துட்டமுங்க. நீங்கதான ஊட்டுக்கு வந்து கூப்புட்டீங்க!" என்றார் வெள்ளை வேட்டியில் ஆடிக்கொண்டிருந்த டிரைவர். ஆடியதில் பாதிப் பேர் அவருடைய வாடிக்கையாளர்கள். இரண்டு வளைவுகளிலும் அவர்கள் விட்டுவந்த லாரிகளைத் தாண்டி பஸ்கூட வர வழியில்லை.

ஹாரன்காரர் காற்றிறங்கி நின்றார். அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து அவர் மனைவி புதுத் தூக்குடன் சாலையில் கால் வைத்தார். நாலு அடி நடந்து நின்றார். முழங்காலைப் பிடித்துக்கொண்டார். தூக்கைக் கை மாற்றி மறுபடி நடந்தார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, டிரைவர்கள் ஆடுவதை நிறுத்திவிட்டார்கள். அந்தச் சாலையைக் கடக்க அந்த அம்மாவுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதை அவர்களில் யாரும் அதுவரை பார்த்ததில்லை.

"போயிக் கையப் புடிச்சுக் கூட்டியாங்க," என்றார் ஒருவர்.

"வேண்டாமுங்க. அம்மிணி தானா வரட்டும்," என்றார் ஹாரன்காரர். அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அப்போதுதான்.

அங்கே வேகத்தடை இன்னும் போடவில்லை. அந்த அம்மா தூக்குடன் வந்து நின்றால் லாரிகள் ஹாரன் அடிக்காமல் நிற்கின்றன.