செங்கரட்டுப்பட்டிக் குளத்துச் சுறா

வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு மாயம்மாளின் மகள் தமிழ்மதி டிவியில் சுறாவோடு வருவாள். கடல் உயிர்களைப் பற்றிப் படித்து டாக்டர் பட்டம் வாங்கிய பெண். "பயப்படாதீங்க, அதுதான் நம்மளப் பாத்துப் பயப்படுது" என்று சிரித்தபடி சொல்லிவிட்டு, கம்பிக் கூண்டோடு கடலுக்குள் இறங்குவாள். இங்கே செங்கரட்டுப்பட்டியில் மாயம்மாள் எழுந்து போய், சுறாவின் நெற்றி எதுவென்று குத்துமதிப்பாகப் பார்த்து, டிவி கண்ணாடியில் ஒரு இழுவை திருநீறு பூசுவாள். அதற்கும் நல்ல புத்தி வேண்டுமல்லவா?

பெருமைதான். ஆனால் வடமதுரைக்குக் கிழக்கே இருக்கும் அந்த ஊரில் குடிக்கத் தண்ணீர் இல்லை. குளம் மண்மேடாகிக் கிடந்தது. தூர்வாரினால் மழைத்தண்ணீர் நிற்கும், நின்றால் ஊர்க்கிணறு ஊறும். இதைத்தான் மாயம்மாள் ஆறு வருஷமாகத் திண்டுக்கல்லில் உள்ள நீர்நிலை நலப் பிரிவுக்கு மனுவாக எழுதிக்கொண்டிருந்தாள். "தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது" என்று ஆபீசும் தவறாமல் பதில் போட்டது. கடிதப் போக்குவரத்துக்கு ஒரு குறையும் இல்லை.

ஏழாவது மனுவோடு, ஒரு மதிப்பாக இருக்கட்டுமே என்று, பேப்பரில் வந்த மகளின் படத்தையும் வெட்டிக் குண்டூசி குத்தி அனுப்பினாள். படத்தில் பாதி தமிழ்மதி, பாதி சுறா.

எழுத்தர் விக்னேஷ்குமார் முறை தவறாதவர். பதிவேட்டில் எழுதினார்: "பொருள்: குளம். இணைப்பு: சுறா ஒன்று."

இணைப்பு என்று ஒன்று வந்துவிட்டால் அதன்மேல் நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும். மனுவுக்கு அப்படிக் கட்டாயம் கிடையாது. பத்தாம் நாள் அலுவலர் ஜெரோம், விக்னேஷ்குமாரையும் கூட்டிக்கொண்டு ஜீப்பில் வந்து இறங்கினார்.

"சுறா எங்கம்மா?"

"டிவியில வரும் சார். ஞாயித்துக்கெழம."

"மத்த நாள்ல?"

"கடல்ல கெடக்கும்."

"மனுவுல கடல்னு ஒரு எழுத்துகூட இல்லயே. கொளம்னுதான இருக்கு?"

மாயம்மாள் கும்பிட்டாள். "அது எம் மக போட்டோ சார். கொளத்துல தண்ணியே இல்ல, நீங்களே பாருங்க."

ஜெரோம் பார்த்தார். குளத்தின் நடுவே நாலு ஆடுகள் கருவேலங்காய் மென்றுகொண்டிருந்தன. அவர் முகம் வாடிப்போனது.

"எழுதுங்க விக்னேஷ். தணிக்கையின்போது சுறா நேரில் காணப்படவில்லை. நீரின்மையால் மேற்படி சுறா சொல்லொணா இன்னலுக்கு ஆளாகியிருக்கக்கூடும். மிக அவசரம்."

மறுநாள் காலையிலேயே டேங்கர் லாரி வந்து நின்றது. நெற்றியில் "வனவிலங்கு நிவாரணம்" என்று பேனர். ஊரே குடத்தோடு ஓடியது.

"யாரும் தொடக்கூடாது. இது சுறாவுக்கு" என்றார் டிரைவர்.

பக்கத்து வீட்டு அய்யம்மாள் முன்னால் வந்தாள். "அது குடிச்சது போக மிச்சத்த எடுத்துக்கிறோம்ப்பா."

டிரைவர் ஆர்டரைப் பிரித்துப் படித்தார். மிச்சத்தைப் பற்றி அதில் ஒன்றும் சொல்லவில்லை. குழாயைக் குளத்துக்குள் திறந்துவிட்டு, சுறா குடிப்பதற்காகக் கொஞ்ச நேரம் மரியாதையாகக் காத்திருந்துவிட்டு, "எடுத்துக்கங்க" என்றார்.

அன்றிலிருந்து லாரி தினமும் வந்தது, ஊரில் அடுப்பு நேரத்துக்கு எரிந்தது. மாயம்மாள் சாமி கும்பிடும்போது பிள்ளைகள் பேரோடு சுறாவையும் சேர்த்துக்கொண்டாள். இல்லாத ஒன்றுக்காக வேண்டுவது பாவமோ என்று ஒருநாள் உறுத்தியது. தண்ணீர் வருகிறதே, சாமிக்கும் சம்மதமாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

ஒரு மாதம் கழித்து ஓலை வந்தது: "நிவாரணம் குறித்து முடிவெடுக்க, சுறாவின் உடல்நிலை பற்றித் தகுதியுள்ள நிபுணரின் சான்று தேவை." ஜில்லாவுக்கே சுறா நிபுணர் ஒருத்திதான். தமிழ்மதி லீவு போட்டுவிட்டு வந்தாள்.

"இங்க எப்படிம்மா சுறா இருக்கும்?" என்றாள் கரையில் நின்று.

"எனக்குத் தெரியாதா தாயி? நீ அதச் சத்தமாச் சொல்லாத."

ஆனால் ஃபாரத்தோடு வந்து நின்ற ஜெரோமிடம் அவள் சொல்லிவிட்டாள். "சார், இந்தக் கொளத்துல சுறா இல்ல."

ஜெரோம் வருத்தத்தோடு சிரித்தார். "நீங்க சொல்றது அறிவியல் மேடம். ஃபாரத்துல அதுக்குக் கட்டம் இல்ல. நலம், நலமில்லை, ரெண்டுதான் இருக்கு."

"இல்லவே இல்லன்னு எழுதிக் குடுத்தா?"

"அப்ப, இருந்த சுறாவ அப்புறப்படுத்துனது யாருன்னு விசாரிக்கணும். மனுதாரர் உங்கம்மாதான்."

பின்னால் ஊரே காலிக் குடத்தோடு நின்றது. அய்யம்மாள் குரல் கொடுத்தாள்: "ஏத்தா, டிவியில அம்புட்டுப் பேசுறியே, ஒரு கையெழுத்துல தேஞ்சா போயிருவே?"

இருபதடிச் சுறாவின் முன்னால் அசராதவள், நாற்பது குடங்களையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பொய் எழுத மனசு வரவில்லை. மெய் எழுதினால் தண்ணீர் நின்றுவிடும், அம்மாவும் அலைய வேண்டும். வெகுநேரம் யோசித்து எழுதினாள்: "இக்குளத்தில் இன்றுவரை எந்தச் சுறாவும் நோயால் துன்புற்றதில்லை."

ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. ஜெரோம் படித்துப் பூரித்துப்போய் "நலம்" கட்டத்தில் டிக் அடித்தார். ஊர் கைதட்டியது. மாயம்மாள் மகளுக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டாள்.

மறுநாள் லாரி வரவில்லை. தபால்தான் வந்தது.

"செங்கரட்டுப்பட்டிச் சுறா பூரண நலத்துடன் இருப்பதாக நிபுணர் சான்றளித்துள்ளதால், நிவாரணம் இத்துடன் நிறைவு பெறுகிறது. குளத்தைத் தூர்வாரினால் நலமாக உள்ள சுறாவுக்கு இடையூறு ஏற்படும் என்பதால், தங்கள் மனு நிராகரிக்கப்படுகிறது. ஒத்துழைத்த பொதுமக்களுக்கு நன்றி."

ஊர் முழுக்க மாயம்மாள் வாசலில் கூடிவிட்டது. ஆபீசை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"எலும்பும் தோலுமாக் கெடக்குன்னு எழுதிருந்தா என்னவாம்?" என்றாள் அய்யம்மாள். "இம்புட்டுப் படிச்சு என்ன புண்ணியம்? ஒரு பொய்ய முழுசாச் சொல்லத் தெரியலயே!"

மாயம்மாள் மகளுக்குப் பரிந்து பேசத்தான் எழுந்து வந்தாள்.

"கோவிச்சுக்காதீங்க" என்றாள் கையெடுத்துக் கும்பிட்டு. "சின்ன வயசுலருந்தே அவளுக்கு அந்தக் கொற உண்டு."