குறைப்பதற்காக ஒரு பெட்டி

மாலை ஆறு மணிக்கு மனிதர்கள் வீடு திரும்புகிறார்கள். திரும்பியதும் விளக்கைப் போடுகிறார்கள், விசிறியைச் சுழல விடுகிறார்கள், குளிக்க வெந்நீர் வைக்கிறார்கள், துணி துவைக்கும் இயந்திரத்தை ஓட்டுகிறார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் இதைச் செய்வதால் மின்கம்பிகளுக்கு மூச்சு முட்டுகிறது. ஒன்பது மணிக்கு மேல்தான் அவை ஆசுவாசம் அடைகின்றன. மக்களுடைய இந்தக் கெட்ட பழக்கத்தை மின்வாரியம் வெகுகாலமாகக் கவனித்து வந்தது. ஆறு மணிக்கு வீடு திரும்புவதைத் தடை செய்ய வாரியத்துக்கு அதிகாரம் இல்லை என்று சட்டப் பிரிவு கருத்துத் தெரிவித்துவிட்டதால், வேறு வழியில்லாமல் உச்சநேரக் குறைப்புத் திட்டம் பிறந்தது.

திட்டம் எளிமையானது. ஒவ்வொரு வீடும் ஆறிலிருந்து ஒன்பது மணி வரை, தன் வழக்கமான செலவில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டும். குறைத்தவர் வாசலில் மாட்டிக்கொள்ள ‘மின் நண்பர்’ என்று எழுதிய பலகை கிடைக்கும். குறைக்காதவர் பெயர் கடைசிப் பட்டியலில் ஏறும். கடைசிப் பட்டியல் வீடுகளுக்கு அந்த மூன்று மணி நேரமும் மின்சாரம் கிடையாது.

அந்தத் தெருவில் கடைசிப் பட்டியலில் ஏறிய ஒரே வீடு முட்டையக்காவின் வீடு.

அவள் பெற்றோர் வைத்த பெயரை அந்தத் தெரு மறந்து பல வருஷம் ஆகிறது. கோழி வளர்ப்பவர்கள் முட்டைகளைக் கொண்டுவந்து அவளிடம் கொடுப்பார்கள். முன்னறையில் ஒரு தெர்மகோல் பெட்டி. அதற்குள் இரண்டு நாற்பது வாட் பல்பு, ஒரு வெப்பமானி, ஒரு கிண்ணம் தண்ணீர். முட்டைகளின் மேல் பென்சிலால் அடையாளம் போட்டு, நாளுக்கு மூன்று தடவை திருப்பி வைத்து, இருபத்தொன்றாம் நாள் குஞ்சுகளாகத் திருப்பிக் கொடுப்பாள். இப்போது உள்ளே நூற்றுப் பன்னிரண்டு முட்டைகள், ஒன்பதாம் நாள். பெட்டியைத் தவிர அந்த வீட்டில் மாலையில் எரிவது சமையலறையில் ஒரு சின்ன பல்பு மட்டும்தான்.

எதிரில் இருந்த மாடிவீட்டுக்காரர் வீட்டில் நான்கு ஏசி. அவர் அதில் ஒன்றை நிறுத்தினார். நாலில் ஒன்று குறைந்தது. மின் நண்பர் ஆனார். பலகை இருட்டில் தெரியவில்லை என்று அதற்கு மேல் ஒரு விளக்கும் போட்டுக்கொண்டார்.

முட்டையக்காவுக்கு வந்த வாரியத்தின் கடிதத்தை அவள் மாமியார்தான் முதலில் படித்தாள். “‘தங்கள் ஒத்துழையாமை வருந்தத்தக்கது’ன்னு போட்டிருக்கான். நீ யாரோட வம்புக்குப் போன?” என்று கேட்டாள். முட்டையக்கா குனிந்து வெப்பமானியைப் பார்த்தாள். மூன்று மணி நேரம் சூடு போனால் ஓட்டுக்குள் இருக்கும் உயிர் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் அலுவலகம் போனாள். குறைப்பு அலுவலரின் அறையில் வெயில் வராதபடி திரைகளை இழுத்துவிட்டு, நான்கு குழல் விளக்குகளைப் போட்டிருந்தார்கள். அலுவலர் மரியாதை தெரிந்தவர். உட்காரச் சொன்னார், கோப்பைப் பிரித்தார், பெருமூச்சு விட்டார்.

“நீங்க ஒண்ணுமே குறைக்கலையேம்மா.”

“குறைக்க என்ன சார் இருக்கு? ரெண்டு பல்பு முட்டைக்கு, ஒரு பல்பு எங்களுக்கு. எங்க பல்பை அணைச்சும் பார்த்தேன். பத்து சதவீதம்தான் வந்துச்சு.”

“அப்போ இருட்டுல உட்கார்ந்தும் நீங்க குறைக்கலை.” அதையும் கோப்பில் எழுதிக்கொண்டார். “உங்க மேல கோபம் இல்லம்மா. தப்பு இப்போ நடந்தது இல்லை. வருஷக்கணக்கா அளவா செலவு பண்ணிப் பண்ணி, குறைக்கறதுக்கு இடமே இல்லாம ஆக்கிட்டீங்க. மாடிவீட்டுக்காரரைப் பாருங்க. குறைங்கன்னு நாங்க கேட்டப்போ அவர்கிட்ட குறைக்கறதுக்கு இருந்துச்சு.”

தான் இத்தனை காலம் செய்துவந்தது முன்கூட்டியே திட்டமிட்ட சிக்கனம் என்பது முட்டையக்காவுக்கு அன்றுதான் தெரிந்தது. முட்டையைப் பற்றிச் சொன்னாள். அலுவலர் கனிவோடு கேட்டார். இப்படிப்பட்டவர்களை வாரியம் கைவிட்டுவிடவில்லை என்றார். மின்செலவுக்கு வாரியத்தின் மொழியில் சுமை என்று பெயர்; சுமையற்றோர் நலத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. வரும் ஒன்றாம் தேதியிலிருந்து பதினைந்தாம் தேதி வரை எல்லா வீடுகளுக்கும் புதிதாகச் சராசரி எடுப்பார்கள். அந்தப் பதினைந்து நாளும் ஆறிலிருந்து ஒன்பது வரை நன்றாகச் செலவு செய்துவிட்டால், பதினாறாம் தேதி முதல் நன்றாகக் குறைக்கலாம். செலவு செய்ய வீட்டில் ஒன்றும் இல்லாதவர்களுக்கு வாரியமே ஒரு பெட்டி இரவல் தரும். விண்ணப்பம் போட்டுவிட்டால் அதுவரைக்கும் மின்சாரத்தை நிறுத்த மாட்டார்கள்.

அவள் விரல்விட்டு எண்ணினாள். ஒன்றாம் தேதி இருபத்தொன்றாம் நாள். விண்ணப்பம் போட்டாள்.

பெட்டியை லைன்மேன் தோளில் சுமந்து வந்தார். வாரியம் அதற்கு வைத்திருந்த பெயர் தனிச்சுமைப் பெட்டி. வெளியே இரும்புக் கூடு, பக்கவாட்டில் அரக்கு முத்திரை, பின்னால் ஒரு வயர்.

“இது என்ன பண்ணும் தம்பி?”

“ஒண்ணும் பண்ணாதுக்கா. கரண்ட்டைத் தின்னும். அவ்வளவுதான்.”

சோதனை ஓட்டமாகத் தினமும் அரைமணி நேரம் போட வேண்டும் என்பது விதி. இரண்டாம் நாளே மாமியார் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தாள். பெட்டி சூடாகிறது. முக்காலியை அதன் பக்கத்தில் இழுத்துப் போட்டு முழங்காலை நீட்டினால் வலி இதமாக இருக்கிறது. மூன்றாம் நாள் அலுவலர் ஆய்வுக்கு வந்தபோது அவள் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். அலுவலர் படிவத்தை விரித்தார். ஐந்தாவது கேள்வி: இப்பெட்டியால் தங்களுக்கு ஏதேனும் பயன் உண்டா?

“ஏன் இல்லாம? முட்டிவலிக்கு நல்லா இருக்கு தம்பி.”

அலுவலர் பேனாவை மூடினார். “நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. பயன் இருந்தா அது தேவைன்னு ஆயிடும். தேவைன்னா பதினாறாம் தேதி திருப்பித் தர மனசு வராது. திருப்பித் தரலைன்னா செலவு குறையாது. குறையலைன்னா கடைசிப் பட்டியல். இது வீணாக்கறதுக்குன்னே அரசாங்கம் கொடுத்த பெட்டி. அதை நீங்க பயன்படுத்தினா எப்படி?”

முட்டையக்கா மாமியாரின் தோளைத் தொட்டாள். மாமியார் முன்னறையில் இருந்த முட்டைப் பெட்டியைப் பார்த்தாள். பிறகு முக்காலியை இரண்டடி தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

“இல்லப்பா. ஒரு பிரயோஜனமும் இல்லை. உன்னை மாதிரிதான், சும்மா சூடா உட்கார்ந்திருக்கு.”

“பயன் இல்லை” என்று அலுவலர் திருப்தியோடு எழுதிக்கொண்டார்.

இதற்குள் தெருவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. சராசரி எவ்வளவு உயருகிறதோ, குறைப்பது அவ்வளவு சுலபம். தையல்காரர், பேக்கரிக்காரர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் எல்லோரும் பெட்டிக்கு விண்ணப்பித்தார்கள். மாடிவீட்டுக்காரர் தெரிந்தவர் மூலமாக மூன்று பெட்டி வாங்கினார். எதிர்ப்படும்போது நலம் விசாரிப்பதை விட்டுவிட்டு, “உங்க வீட்டுல எத்தனை?” என்று கேட்பது நாகரிகம் ஆனது. தையல்காரர் பெட்டிக்குப் பூப்போட்ட உறை தைத்துக் கொடுக்க ஆரம்பித்தார். தலைமையாசிரியர் தன் பெட்டியை வரவேற்பறையில், முன்பு புத்தக அலமாரி இருந்த இடத்தில் வைத்தார். அதே தெருமுனை டிரான்ஸ்பார்மரில் ஓடும் அலுவலகத்துக்கும் ஒரு சராசரி வேண்டும் அல்லவா? அங்கே பத்துப் பெட்டிகளை வரிசையாக அடுக்கினார்கள்.

ஒன்றாம் தேதி மத்தியானமே ஓடுகளில் விரிசல் தெரிந்தது. உள்ளேயிருந்து மெல்லிய தட்டல் கேட்டது. முட்டையக்கா முட்டைப் பெட்டியை விட்டு நகரவில்லை. சரியாக ஆறு மணிக்கு ஊரே கடமையைச் செய்தது. எல்லாப் பெட்டிகளும், எல்லா ஏசிகளும், எல்லா வெந்நீர்க் கருவிகளும் ஒரே கணத்தில் ஓடின. ஆறு மணி நாலு நிமிஷத்துக்குத் தெருமுனை டிரான்ஸ்பார்மர், யாரோ பெரிய கதவை அறைந்து சாத்தியது போல ஒரு சத்தம் போட்டுவிட்டு, எண்ணெயைக் கக்கி ஓய்ந்தது.

தலைமை அலுவலகத் திரையில் அந்தப் பகுதியின் உச்சநேரச் செலவு பூஜ்யம் என்று காட்டியது. சராசரி எடுக்கத் தொடங்கிய முதல் நாளிலேயே இவ்வளவு பெரிய குறைப்பா என்று வியந்து, குறைப்பு அலுவலருக்கு ஆள் மூலம் பாராட்டுக் கடிதம் அனுப்பினார்கள். அவர் அதைத் தீக்குச்சி வெளிச்சத்தில் படித்தார்.

முட்டையக்கா வெப்பமானியை டார்ச் அடித்துப் பார்த்தாள். இறங்கிக்கொண்டிருந்தது. டிரான்ஸ்பார்மரைப் பார்த்துவிட்டுத் திரும்பிய லைன்மேனை வாசலிலேயே நிறுத்தினாள்.

“எப்போ வரும் தம்பி?”

“இன்னைக்கு இல்லக்கா. புதுசு வரணும்.”

“நீ கொண்டுவந்த பெட்டிக்குள்ள என்ன இருக்கு?”

“நாலு செங்கல். சுத்தி கம்பி.”

“முத்திரையை உடைச்சுக் கொடு.”

அரசாங்க முத்திரையை உடைத்தால் தன் வேலை போய்விடும் என்றார் அவர். மாமியார் குறுக்கிட்டாள். “நீ ஒண்ணும் பண்ண வேண்டாம்ப்பா. சுவரைப் பார்த்துத் திரும்பி நில்லு.” அவர் திரும்பி நின்றார். பின்னால் அம்மிக்குழவி இரும்பில் விழும் சத்தம் மூன்று தடவை கேட்டது.

செங்கற்களைக் கேஸ் அடுப்பில் சுட்டு, பழைய துணியில் சுற்றி, முட்டைகளுக்கு நடுவில் வைத்தார்கள். வெப்பமானி தயங்கித் தயங்கி ஏறியது. ஆனால் நாலு செங்கல் போதவில்லை, இரண்டு அடுப்பும் போதவில்லை. லைன்மேன் தெருவில் போய்ச் சொன்னார். இருட்டில் செய்ய வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்த தெரு எழுந்து வந்தது. பேக்கரிக்காரர் தன் பெட்டியை உடைத்து, செங்கற்களைச் சுட்டு, தட்டோடு கொண்டுவந்தார். தலைமையாசிரியர் செங்கல்லைத் துண்டில் ஏந்திக்கொண்டு ஓடி வந்தார். மாடிவீட்டுக்காரர் பன்னிரண்டு செங்கல்லை மூன்று நடையாகச் சுமந்துவந்து, வியர்த்து வழிந்தபடி, “இது போதுமா, இன்னும் சுடட்டுமா?” என்று கேட்டார். ஒன்பது மணிக்குள் தொண்ணூற்றேழு குஞ்சுகள் வெளியே வந்துவிட்டன. அந்தத் தெருவில் தனிச்சுமைப் பெட்டிகள் பயன்பட்டது அந்த மூன்று மணி நேரம் மட்டும்தான்.

புது டிரான்ஸ்பார்மர் பதினைந்தாம் தேதி இரவு வந்து சேர்ந்தது. பதினாறாம் தேதி எல்லோரும் செங்கற்களை உள்ளே போட்டுப் பெட்டிகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். பதினேழாம் தேதி எல்லா வீட்டுக்கும் கடிதம் வந்தது. எல்லோரும் கடைசிப் பட்டியல்.

தெருவே அலுவலகத்துக்குப் போனது. அலுவலர் நிதானமாக விளக்கினார். பதினைந்து நாள் சராசரி பூஜ்யம். பூஜ்யத்தில் ஐந்தில் ஒரு பங்கை யாராலும் குறைக்க முடியாது. நேற்று முதல் எல்லோரும் செலவு வேறு செய்கிறார்கள்.

“அந்தப் பதினைஞ்சு நாளும் கரண்ட்டே இல்லையே சார்” என்றார் தையல்காரர்.

“அதைத்தான் நானும் சொல்றேன்.” அலுவலர் குரலில் வருத்தம் இருந்தது. “எங்க ஆபீஸும் கடைசிப் பட்டியல்லதான் இருக்கு.”

முட்டைக்கு மட்டும் விலக்கு கேட்டு முட்டையக்கா கொடுத்திருந்த மனுவுக்குத் தனியாகப் பதில் வந்திருந்தது. முட்டை பொரிக்க மின்சாரம் இன்றியமையாதது அல்ல என்பதைத் தாங்களே தொண்ணூற்றேழு சான்றுகளுடன் நிரூபித்துள்ளதால் மனு நிராகரிக்கப்படுகிறது. வீட்டில் அவளுக்கு அப்போது நூற்று முப்பது முட்டைகள், இரண்டாம் நாள். ஒரு நாள் மாலை என்றால் தெரு செங்கல் சுமந்து வரும். இருபத்தொரு நாளும் வருமா என்று அவள் சுற்றிலும் பார்த்தாள். எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள்.

அலுவலரே வழி சொன்னார். அடுத்த மாதம் மறுபடியும் சராசரி எடுக்கிறார்கள். புது டிரான்ஸ்பார்மர் இரண்டு மடங்கு தாங்கும் என்பதால் பெட்டிகளும் இரண்டு மடங்கு பெரிது. இன்றே விண்ணப்பித்தால் இன்றே பரிசீலனையில் வந்துவிடலாம், மின்சாரம் நிற்காது. அவர் சொல்லி முடிப்பதற்குள் வரிசை உருவாகிவிட்டது. முட்டையக்காதான் முதல் ஆள்.

“செங்கல் இருக்கான்னு கேட்டு வாங்கு” என்றாள் பின்னால் நின்ற மாமியார்.

“புதுப் பெட்டியில செங்கல் கிடையாதும்மா” என்றார் அலுவலர். “அதனால ஏதோ பயன் இருக்குன்னு புகார் வந்துச்சு. எடுத்துட்டோம்.”

முட்டையக்காவின் பேனா படிவத்தின் மேல் நின்றது. சுவர்க் கடிகாரத்தில் ஆறடிக்க ஐந்து நிமிஷம். இன்னும் ஐந்து நிமிஷத்தில் அந்த அறையும் இருட்டாகிவிடும்.

“சட்டுனு கையெழுத்துப் போடுங்கக்கா” என்றார் வரிசையில் நின்ற மாடிவீட்டுக்காரர். “எனக்கு ஆறு பெட்டி எழுதணும்.”