உயிரோடிருக்கும் நல்லமுத்து மரண வரி விஷயமாக மைத்துனருக்கு எழுதியது

தண்ணீர்மலையான் துணை

ஆர்கைல் ரோடு, பினாங்கு
12-8-1931

மகாராஜராஜஸ்ரீ முனுசாமி மச்சான் அவர்களுக்கு, உயிரோடு இருக்கும் நல்லமுத்து அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் தங்கை வடிவம்மாளும் தேக சுகத்தோடு இருக்கிறோம். நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள் என்பதால் என் கையெழுத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொள்ளவும். நிபோங் திபாலில் நீங்களும், அக்காளும், பிள்ளைகளும், தங்களுக்கு லீவு கொடுக்காத தோட்டத்துத் துரையும் எல்லா நலனும் பெற்று வாழ வேண்டும்.

நான் காலமானதை முன்னிட்டு நீங்கள் வடிவுக்கு எழுதிய அனுதாபக் கடிதம் நேற்றுக் காலை வந்தது. தபால்காரன் கையிலிருந்து நானே வாங்கி, நானே உடைத்து, நானே படித்தேன். நல்ல கடிதம். "அப்படிப்பட்ட மனிதர் இனிப் பிறக்கப் போவதில்லை" என்று நீங்கள் எழுதிய இடத்தில் எனக்கே கண் கலங்கிவிட்டது. இருபத்தெட்டு வருஷமாக என்னிடம் நேரில் ஒரு நல்ல வார்த்தை சொல்லாதவர் நீங்கள். ஆனால் கடைசியில் நான்கு வரி தள்ளி, "மாப்பிள்ளையின் கிராமபோன் பெட்டி இனி அங்கே சும்மாதானே கிடக்கும்" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கே கண்ணீர் நின்றுவிட்டது. பெட்டி சும்மா கிடக்கவில்லை. இப்போதுகூடப் பாடிக்கொண்டுதான் இருக்கிறது.

இதெல்லாம் எப்படி நடந்தது என்று கேட்பீர்கள். எல்லாம் அந்தச் சட்டசபைக் கனவானால் வந்த வினை. போன மாதம் யாரோ ஒரு பெரிய மனிதர் வீட்டுத் தேநீர் விருந்தில் அவர் எழுந்து, "அப்பன் சொத்தைச் சும்மா உட்கார்ந்து தின்பவர்களால்தான் ஊர் கெடுகிறது, ஒருவன் செத்தால் அவன் சொத்தில் சர்க்கார் நல்ல பங்கு எடுத்துக்கொள்ள வேண்டும், இருக்கிற மரண வரி போதாது" என்று பேசியிருக்கிறார். மறுநாள் அது பேப்பரில் வந்தது. அவ்வளவுதான், மச்சான். ஊர் கொதித்துவிட்டது! காப்பிக் கடையில் ஒருவன் பேப்பரின் மேல்பாதியைப் படித்தான், இருபது பேர் கேட்டார்கள், சாயங்காலத்துக்குள் இரண்டாயிரம் பேருக்குத் தெரிந்துவிட்டது. பிணம் வீட்டை விட்டுப் போவதற்குமுன் சர்க்கார் ஆள் வந்து கதவுக்கு முத்திரை வைப்பானாம், அண்டா குண்டாவை எண்ணுவானாம், கறக்கிற மாட்டில் காலையில் கறந்தது நமக்கு, மாலையில் கறந்தது சர்க்காருக்காம். பாசாரில் மீன் விற்கிற கிழவி, சொத்து என்று ஒரு கூடையும் ஒரு கத்தியும் தவிர வேறில்லாதவள், கத்தியைக் காட்டி, "எவன் வந்து எடுக்கிறான்னு பாக்குறேன்!" என்றாள். எனக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

என் கதை உங்களுக்குத் தெரியும். தபாலாபீஸில் முப்பத்தொரு வருஷம் கிராணியாகக் கணக்கெழுதிச் சம்பாதித்தது இந்த ஒரு வீடு. எங்களுக்குப் பிள்ளை இல்லை. நான் கண்ணை மூடினால் வடிவுக்கு இந்தக் கூரை ஒன்றுதான். அதில் பாதியைச் சர்க்கார் பிடுங்கிக்கொண்டால் அவள் எங்கே போவாள்? இதை நினைத்து இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மரண வரி எதிர்ப்புச் சபை ஆரம்பித்துவிட்டோம். பினாங்கு ஸ்திரீட்டில் வரிசையாகக் கடை வைத்திருக்கிற பழனியப்பன் தலைவர், அடியேன் காரியதரிசி. அடுத்து வந்த சனிக்கிழமை அந்த யோசனைக்கே பாடை கட்டி, என் வீட்டிலிருந்து கடற்கரைக்கு ஊர்வலமாகக் கொண்டுபோய்க் கொளுத்துவது என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று.

இதில் நோட்டீஸ் அடித்த வகையில்தான் சனி பிடித்தது. அச்சுக்கூடம் மீரா சாகிப்புடையது. அவர், "சாவு ஊர்வலம்னா சாவு நோட்டீஸ் மாதிரி இருக்கணும்லா, கிராணியாரே. நாலு பக்கமும் கறுப்பு ஓரம் போட்டுத் தர்றேன், ஓரத்துக்குக் காசு வேணாம்" என்றார். காசு வேண்டாம் என்றதும் நானும் சரி என்றேன். பழனியப்பனோ, "மொத வரியிலயே படிக்கிறவன் துள்ளி எந்திரிக்கணும்" என்றார். ஆகவே முதல் வரி இப்படி அமைந்தது: "ஆர்கைல் ரோடு ஸ்ரீ நல்லமுத்து அவர்கள் இல்லத்திலிருந்து சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு இறுதி ஊர்வலம் புறப்படும்; உற்றார் உறவினர் தவறாது வந்து கலந்துகொள்ளவும்." யாருடைய இறுதி ஊர்வலம் என்பது ஆறாவது வரியில் வருகிறது. கூட்டம் சேர வேண்டுமே என்று நம் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் ஒவ்வொரு நோட்டீஸை உறையிலிட்டு நானே தபாலில் சேர்த்தேன். விலாசமெல்லாம் எனக்கு மனப்பாடம்.

நம் ஜனங்களின் வழக்கத்தை நான் மறந்துபோனேன், மச்சான்! கறுப்பு ஓரத்துக் கடுதாசி வந்தால் யாராவது அதை முழுக்கப் படித்ததுண்டா? வாசலிலேயே நின்று இரண்டு வரி பார்ப்பார்கள், கிழித்துப் போடுவார்கள், தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ரயிலுக்கு ஓடுவார்கள். அதை வீட்டுக்குள் கொண்டுபோய் ஆறாவது வரிவரை படிக்க எவனுக்குத் துணிச்சல் உண்டு? நீங்களும் கிழித்துத்தானே போட்டீர்கள்? மறைக்க வேண்டாம்.

சனிக்கிழமை மத்தியானம். நான் மாடியில் கண்ணாடிமுன் நின்று அன்றைய பிரசங்கத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறேன். கீழே கூடத்தில் பெஞ்சின்மேல் அந்தக் கனவானின் கொடும்பாவி தயாராகப் படுத்திருக்கிறது. வைக்கோல் அடைத்து, என் பழைய கோட்டை மாட்டி, ஜோடு போட்டு, வெள்ளைத் துணியால் மூடியிருந்தோம். வடிவு மீன் வாங்கப் பாசாருக்குப் போயிருந்தாள். திடீரென்று கீழே பெண்கள் ஒப்பாரி வைக்கிற சத்தம். எனக்கு மனசு பூரித்துப்போயிற்று! நம் இயக்கம் பெண்கள்வரை போய்விட்டதே என்று மாடியிலிருந்தபடியே, "அப்படித்தான்! இன்னும் சத்தமா!" என்று உற்சாகப்படுத்தினேன். அந்தச் சத்தத்தில் யார் காதிலும் அது விழவில்லை. விழுந்திருந்தால் இரண்டு பேராவது நிஜமாகவே போயிருப்பார்கள்.

எங்கள் மாடித் தரையில், கீழே கூடத்துக்கு வருகிறவர் யாரென்று பார்க்க ஒரு பலகைத் துவாரம் உண்டு. அதில் குனிந்து பார்த்தேன். புக்கிட் மெர்தாஜாமிலிருந்து என் தம்பி அர்ஜுனனும், அவன் பெண்சாதி மீனாட்சியும், கூட ஒரு ரயில்பெட்டி ஜனமும்! அர்ஜுனன் கொடும்பாவியின் காலைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, இப்பிடி எலும்பும் இல்லாம மெலிஞ்சு போயிட்டியே, அண்ணே!" என்று கதறுகிறான். வடிவு வராமல் முகத்துணியை எடுக்கக் கூடாதென்று யாரும் எடுக்கவில்லை. அப்போதே நான் இறங்கி வந்திருக்க வேண்டும். எனக்கே தெரிகிறது. ஆனால் மச்சான், தன் சாவுக்கு யார் எப்படி அழுகிறார்கள் என்று பார்க்கிற சந்தர்ப்பம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? வயிற்றை அழுத்தித் தரையில் படுத்துக்கொண்டேன்.

அழுகை பத்து நிமிஷம் நடந்தது. குறை சொல்ல மாட்டேன், நல்ல அழுகை. பதினோராம் நிமிஷம் மீனாட்சி மூக்கைச் சிந்திக்கொண்டே சுவரைப் பார்த்து, "இந்தக் கடியாரம் நம்ம வீட்டுக் கூடத்துக்கு அளவா இருக்கும்ங்க" என்றாள். அர்ஜுனன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் ஏறி, என் கடிகாரத்தைக் கழற்றினான். ஏறுவதற்குப் பிடி வேண்டுமென்று கொடும்பாவியின் வயிற்றில்தான் கையை ஊன்றினான். எனக்கு மாடியில் வயிறு வலித்தது. பிறகு வீட்டுப் பேச்சு. முன்பக்கத்தைச் சீனன் ஒருவனுக்குக் கடையாக விடலாமாம், மாடியைத் தனியாக விடலாமாம். "அக்காவ நம்மகூட கூட்டிட்டுப் போயிடலாம். பெரிய பானைக்குத் தண்ணி தூக்க, சமைக்க ஆளு வேணும்லா" என்றாள் மீனாட்சி. இதைச் சொல்லும்போது அவள் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

அந்த நேரத்தில் வடிவு வந்துவிட்டாள். தெருமுனையிலேயே யாரோ, "உங்க வீட்ல துக்கமாமே?" என்று கேட்டிருக்கிறார்கள். கொடும்பாவிக்கு வைக்கோல் அடைத்தவளே அவள்தான். ஆனாலும் பத்துப் பெண்கள் கட்டிப் பிடித்துக்கொண்டு, "உன் மஞ்சள் போச்சே!" என்று அலறினால் யாருக்குத்தான் புத்தி நிலையில் நிற்கும்? மீன் கூடை கீழே விழுந்தது. அவள் அழவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து, "காலையில நல்லாத்தானே கஞ்சி குடிச்சாரு" என்று மட்டும் சொன்னாள். அர்ஜுனன் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு, "கவலப்படாதீங்க அண்ணி, ஒங்களுக்கு நாங்க இருக்கோம். சாமான கட்டிக்கிட்டு எங்களோட வந்துடுங்க" என்றான்.

"நான் எங்கயும் வரல தம்பி. அவரு இருந்த வீட்ல நான் இருந்துக்கிறேன்."

"வீடு யாரு பேர்ல இருக்கு, அண்ணி?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். துவாரத்தின் வழியாக அவளுடைய நடுவகிடுதான் எனக்குத் தெரிந்தது. பிரசங்கத் தாளை எறிந்துவிட்டுத் தடதடவென்று படியில் இறங்கினேன்.

அப்புறம் நடந்ததை எழுதக் காகிதம் போதாது. மீனாட்சி கொடும்பாவியைத் தாண்டிக் குதித்து வாசலுக்கு வெளியே அஞ்சடி நடைபாதையில் போய் நின்றாள். கூட வந்தவர்களில் பாதிப் பேர் மறுபடியும் அழுதார்கள், இந்தத் தடவை பயத்தில். அர்ஜுனன் கடிகாரத்தை நெஞ்சோடு அணைத்தபடி, "அண்ணே, சாவி கொடுக்கலாம்னு எறக்கினேன்" என்றான். வடிவு எழுந்து வந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். என் சட்டையெல்லாம் தூசு. "தரையில படுத்துக்கிட்டா கெடந்தீங்க? இத்தன நேரம் கேட்டுக்கிட்டா கெடந்தீங்க?" என்றாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே அவள் திட்டிய திட்டில் இரண்டொன்று எனக்கே புதிது.

நான்கு மணிக்குப் பொதுஜனம் வந்து குவிந்துவிட்டது. முந்நூறு பேருக்குக் குறையாது! மாலை ரயில்வரை போக்கிடம் இல்லாததால் நம் சொந்தக்காரர்களும் ஊர்வலத்தில் சேர்ந்துகொண்டார்கள். அர்ஜுனனுக்குத் தொண்டை ஏற்கெனவே பதமாக இருந்தபடியால் அவனையே முன்னால் விட்டோம். மேளம் என்ன, வேட்டு என்ன! கடற்கரையில் மழை பிடித்துக்கொண்டதால் கொடும்பாவி எரியவில்லை, புகைந்தது. ஆனால் நான் பேசினேன். "ஒரு விதவையின் கூரையைப் பிடுங்க உனக்கு என்ன அதிகாரம்?" என்று நான் கேட்டபோது முந்நூறு பேரும் கை தட்டினார்கள். வடிவு கூட்டத்தின் ஓரத்தில் குடை பிடித்து நின்றுகொண்டிருந்தாள். அவள் கை தட்டவில்லை. கையில் குடை இருந்ததே.

நன்றாக யோசித்துப் பார்த்தால் அர்ஜுனன்மேல் குற்றமில்லை. சாவு, சொத்து, பங்கு என்று அந்தக் கனவான் பேசி ஊர் வாயில் போட்டதால்தானே இவர்களுக்கும் அந்தப் புத்தி வந்தது? வரி வருவதற்கு முன்பே ஒரு குடும்பத்தை இந்தப் பாடு படுத்தினால், வந்தபின் என்ன ஆகும்? ஆகையால் மச்சான், நீங்கள் சும்மா இருக்கக் கூடாது. இத்துடன் அனுப்பியிருக்கிற மகஜரில் உங்கள் தோட்டத்து ஜனங்கள் இருநூறு பேரிடம் ரேகையும் கையெழுத்தும் வாங்கி உடனே அனுப்பவும். லயத்தில் ஒரு வீடு விடாமல் போகவும். அவர்களுக்குச் சொத்து இல்லையே என்று பார்க்க வேண்டாம். உணர்ச்சி இருந்தால் போதும்.

தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் தீர்க்காயுசாக, கறுப்பு ஓரத்துக் கடுதாசி எதுவும் காணாமல் வாழத் தண்ணீர்மலை முருகன் அருள் புரிவானாக. அக்காளுக்கு என் நமஸ்காரமும் பிள்ளைகளுக்கு ஆசீர்வாதமும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மாப்பிள்ளை,
ச. நல்லமுத்து
(காரியதரிசி, மரண வரி எதிர்ப்புச் சபை)

பின்குறிப்பு (13-8-1931): மகஜரில் யாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டாம். வாங்கியிருந்தால் கிழித்துவிடவும். இன்று காலை வடிவு என்னை ஒரு வக்கீலிடம் அழைத்துப் போனாள். ஆமாம், அவள்தான் அழைத்துப் போனாள். வக்கீல் அந்தக் கனவானின் பேச்சைப் பேப்பரில் கடைசிவரை படித்து எனக்கு அர்த்தம் சொன்னார். சின்ன வீடு வாசலுக்கெல்லாம் இந்த வரி கிடையாது, பெரிய ஆஸ்திக்குத்தான் என்று அந்தக் கனவானே கடைசியில் சொல்லியிருக்கிறாராம். "உங்க வீட்டுக்கு ஒரு காசுகூட வராது. ஊர்வலத்துல வந்த முந்நூறு பேர்ல ஒங்க தலைவர் ஒருத்தருக்கு வேணும்னா வரும்" என்றார் வக்கீல். "ஆனா நீங்க உயில் எழுதாம போயிட்டா தம்பி வருவாரு, வழக்கு வரும்." அங்கேயே உட்கார்ந்து வீட்டை வடிவுக்கு உயில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்தபின் அவள் நின்றாள். "இவ்ளோதானா? கா மணி நேரத்து வேலையா இது? அப்ப ஏன் இருபத்தெட்டு வருசமா செய்யல?" என்று கேட்டாள். மச்சான், முந்நூறு பேர் முன்னால் சட்டசபைக் கனவானைக் கேள்வி கேட்ட நான், அவள் கையிலிருந்த குடையை வாங்கிப் பிடித்துக்கொண்டு கூட நடந்தேன்.